சீமாட்டிக்குக் குறைந்த பதினொரு நாள்

1

சீமாட்டி இந்த வீட்டுக்கு வந்து இன்றோடு முந்நூற்று அறுபத்தைந்து நாள். சீமாட்டி ஒரு நாய். மட்டக்களப்பில் பிறந்தது. தவிட்டு நிறம், இடது காது மடிந்திருக்கும், வயது ஆறோ ஏழோ. இப்போது சுவிற்சர்லாந்தில், பேர்ண் நகருக்கு வடக்கே ஒரு சிற்றூரில், மூன்றாம் மாடியில், என் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறது. படுக்கும் முன் நாலு தரம் சுற்றும். குளிர் கூடிய நாட்களில் ஆறு தரம்.

ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நாய்க்குக் கம்பளிச் சட்டை போட்டு நடத்திப் போகிறவர்களைப் பார்த்து நானும் இங்கே முப்பத்தைந்து வருடம் சிரித்தவன்தான். இப்போது சீமாட்டிக்கு இரண்டு சட்டை இருக்கிறது.

காலை ஆறு நாற்பதுக்கு இறங்குவோம். ஐம்பத்து நான்கு படி. ஆற்றங்கரையில் நாங்கள் இருந்து இளைப்பாறும் வாங்கு வரை ஆயிரத்து இருநூற்றுப் பத்து அடி. வழியில் கீழ் வீட்டு அம்மா நிற்பார். இருபத்திரண்டு வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினோம். வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. இப்போது தன் முழங்கால் வலி, இறந்துபோன புருஷனின் தபால்தலைச் சேகரிப்பு, மருமகளின் சமையல் என்று எல்லாம் சொல்கிறார். ஒருநாள் அவருடைய வாக்கியங்களை எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

என் ஜேர்மன் மொழி இன்னும் நொண்டிதான். என் மனைவி இறந்துவிட்டார் என்று அவரிடம் சொல்லப் போய், இந்த நாயின் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அவர் குனிந்து சீமாட்டியின் தலையைத் தடவி நெடுநேரம் ஆறுதல் சொன்னார். சீமாட்டி அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றது. நான் திருத்தவில்லை.

2

என் மனைவி மங்களம் இந்த நாட்டில் நாய் வேண்டும் என்று நாலு தரம் கேட்டார். நாலு தரமும் மறுத்தேன். என்னிடம் ஏழு காரணங்கள் இருந்தன: மாடி வீடு, வீட்டுக்காரரின் அனுமதிக் கடிதம், நகரசபைக்கு நாய் வரி, முடி, மழை, மிருக வைத்தியர், ஏழாவதாக நான்.

கடைசித் தரம் கேட்டது வைத்தியசாலையில். யன்னலுக்கு வெளியே யாரோ நாயோடு போவதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் போனதுக்குப் பிறகு ஒரு நாய வளருங்க. ஒருத்தரோடயும் பேசாம இரிந்து உங்களுக்கு வாய் பூட்டிப் போயிரும்."

நான் முதலாம் காரணத்தில் தொடங்கி ஐந்தாம் காரணம் வரை வந்தேன். மங்களம் சிரித்தார். "எண்ணி முடிச்ச பிறகு சொல்லுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. மங்களம் போன பிறகு சில நாட்களில் நான் பேசியவை எல்லாமாக இருபது சொல்லைத் தாண்டவில்லை. அதில் பாதி பாண் கடையில்.

எங்களுக்கு ஒரே மகள், தர்சினி. மூன்று வயதில் இங்கே வந்தவள். இப்போது முப்பத்தெட்டு. தாயோடு தமிழில் பேசுவாள், என்னோடு ஜேர்மனில். அதற்கு நான்தான் காரணம். அவள் சிறுபிள்ளையாகப் பேசியபோது வாக்கியத்துக்கு இரண்டு பிழை திருத்தினேன். பன்னிரண்டாம் வயதில் திருத்த முடியாத மொழிக்கு மாறிவிட்டாள். தாய் இறந்த பிறகு அவள் வாயிலிருந்து தமிழே வரவில்லை. ஞாயிறு தோறும் போன் எடுப்பாள். மாத்திரை போட்டீர்களா, சாப்பிட்டீர்களா, அடுத்த ஞாயிறு பார்ப்போம். ஏழு நிமிடம்.

3

ஆண்டுத் திவசத்துக்கு ஊருக்குப் போனேன். முப்பது நாளுக்கு விமான ரிக்கற். சாம்பலில் ஒரு பங்கை ஒரு சிறு செப்புச் செம்பில் கொண்டுபோனேன். தர்சினிக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று அவள் சொன்னாள், சரி என்று நான் சொன்னேன். அதற்கு மேல் இரண்டு பேரும் கேட்கவில்லை.

மட்டக்களப்புக் கல்லடியில் மங்களத்தின் தங்கை பாக்கியத்தின் வீட்டில் தங்கினேன். எனக்கு மச்சாள். பாக்கியத்துக்கு அறுபத்தாறு வயது. தனியாக இருக்கிறார். வாய்க்கு ஓய்வில்லை. செம்பில் கொண்டுபோனதை வீட்டுக்குப் பின்னால் வாவிக்கரையில் கரைத்தோம். வாசல் படலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடி.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்தநாளோ திவசமோ, ஊரில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒரு நேரச் சாப்பாடு கொடுப்போம். பிள்ளைகள் எங்கள் ஆளின் படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்து சாப்பிடும் போட்டோ வந்துசேரும். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். திவசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஐந்து இல்லங்களுக்குப் போன் பண்ணினேன்.

"அண்டைக்குக் காலச் சாப்பாடு கனடா, ஐயா" என்றார் ஒருவர். "மத்தியானம் லண்டன், ஒரு அறுபதாம் கலியாணம். பின்னேரம் நோர்வேயிலிருந்து கேக்."

"இரவைக்கு?"

"இரவைக்கு டென்மார்க். நீங்க வாற ஆவணிக்கு எழுதி வைக்கிறீங்களா?"

ஐந்து இடத்திலும் இதே கதை. வரிசையில் நிற்கும் பசியை விடக் கொடுக்கிறவர்களின் வரிசை நீளமாக இருந்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் மங்களத்துக்கு இடமில்லை. ஐந்தாவதாகப் பேசிய அம்மாதான் இரக்கப்பட்டுச் சொன்னார், கரடியனாற்றுக்குப் போகும் வழியில் ஒரு நாய்க் காப்பகம் இருக்கிறது, அங்கே ஒருவரும் நாள் குறித்துக்கொள்வதில்லை என்று.

மச்சாளிடம் சொன்னேன்.

"அக்காட திவசச் சோத்த நாய்க்குப் போடவா சுவிஸிலிருந்து வந்தீங்க, அத்தான்?"

"எல்லா இடமும் நிரம்பிட்டு."

"நிரம்பாதா? நாலு நாளைக்கு முதல் போன் பண்ணினா? ஊர எண்ணத் தெரியும், நாள எண்ணத் தெரியாதா?"

காப்பகத்தில் வெங்காயமும் உறைப்பும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மச்சாள் பெரிய கிடாரத்தில் சோற்றை ஏற்றி, கீரி மீனை அவித்து முள் எடுத்து, நாள் முழுக்க என்னைத் திட்டினார். "உறைப்பில்லாத சோத்த உயிரோட இரிக்கக்குள்ளயே திண்டவ இல்ல என்ட அக்கா. இப்ப திண்டுருவாவா?"

எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டில் படைக்க உறைப்போடு தனியாக ஒரு இறால் கறி வைத்தார். படைத்து, அக்கா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தி, பத்து நிமிடம் கழித்துத் தட்டித் திறந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது. வெங்காயம் அந்தக் கறிக்கு மட்டும்தான் உரித்தவர்.

4

காப்பகத்தை நடத்துகிறவர் ஜெயந்தி என்ற பெண். மரமுந்திரிக் காணிக்குள் கம்பி வேலி, இரண்டு தகரக் கொட்டில். அறுபத்து மூன்று நாய் இருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார். அறுபத்து மூன்று வாழையிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனோம். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்க, குரைப்பும் தள்ளுமுள்ளுமாக ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

ஒரு பொட்டலம் என் கையில் மிஞ்சியிருந்தது.

"அறுபத்து மூண்டு எண்டீங்க. அறுபத்திரண்டுதான் நிக்கு."

"எண்ணினீங்களா, ஐயா?"

"ஓம்."

ஜெயந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அது தண்ணித் தாங்கிக்குப் பின்னால இரிக்கும். மத்ததுகள் திண்டு முடிஞ்சாத்தான் வரும். ஒரு வீட்டில வளர்ந்தது, ஐயா. வீட்டுக்காரம்மா செத்துப்போய், மறுகா மத்தவங்க வீட்டப் பூட்டிப் போட்டுப் போயிட்டாங்க. படலைக்கு முன்னால இருபது நாள் கிடந்திரிக்கு."

தாங்கிக்குப் பின்னால் போனேன். நாய் எழும்பவில்லை. வாலை ஒரு தரம் நிலத்தில் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது, அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்பதுபோல. பொட்டலத்தை அவிழ்த்து வைத்தேன். சோற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் மறுபக்கம் திரும்பி நின்ற பிறகு, சத்தமில்லாமல், ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தின்றது. இலையை நக்கவில்லை.

"பெரிய சீமாட்டி" என்றார் மச்சாள் பின்னாலிருந்து. "விருந்துக்கு வந்திரிக்கா."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து ஏழு காரணங்களையும் மறுபடி எண்ணினேன். அன்றுதான் முதல் தரமாக முடிவு வரை எண்ணினேன். ஏழுக்கும் ஒரு பதில் இருந்தது, ஏழாவதற்கும்கூட.

தர்சினியிடம் சொன்னபோது ஜேர்மனில் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். மூச்சுக்கும் மொழி உண்டு. "அப்பா, உங்களுக்கு எழுபத்து மூன்று. எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒரு தெரு நாய். இங்கே காப்பகங்களில் நாய் இல்லையா?" கேள்வி நியாயமானது. இங்கேயும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் எதுவும் என் மனைவியின் திவசச் சோற்றைத் தின்றதில்லை.

5

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும்.

வெளிநாடு போகும் முன் புளியந்தீவில் கச்சேரி என்று சொல்லும் அரச அலுவலகத்தில் பதினான்கு வருடம் லிகிதராக இருந்தேன். படிவம் வாங்கும் மேசை என்னுடையது. எத்தனை விவசாயிகளை, எத்தனை மீனவர்களை, "பின்பக்கம் நிரப்பல்ல, கொண்டு போங்க" என்று திருப்பி அனுப்பியிருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. கரடியனாற்றிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

நாயைச் சுவிஸுக்குக் கொண்டுவரச் சட்டம் உண்டு. தோலுக்குள் ஒரு சிப் வைக்க வேண்டும், விசர்நாய்த் தடுப்பூசி போட வேண்டும், இரத்தம் எடுத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும், மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். படிவத்தை வாசித்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை. படிவம் எனக்குப் புதிதா?

நான் ஊருக்கு வந்த முப்பத்தோராம் நாள் ஊசி போட்டோம். அன்றே சீமாட்டி மச்சாள் வீட்டுக்கு வந்தது. நூற்று இருபத்தோராம் நாள் மூன்று மாதம் முடியும், நூற்று முப்பதாம் நாள் பறக்கலாம் என்று, ஏற்கெனவே ஒரு தரம் தள்ளிய ரிக்கற்றை மறுபடியும் மாற்றினேன். என்னுடையது சுவிஸ் கடவுச்சீட்டு, பிறந்த ஊரில் இருக்க எனக்கு விசா வேண்டும். அதையும் நீட்டினேன். அதன் உச்சம் நூற்று எண்பது நாள். நிறைய நாள் மிச்சம் என்று நிம்மதியாக இருந்தேன். காலையில் நாயோடு வாவிக்கரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. கரைத்த இடத்தில் ஒரு கல்லில் இருப்பேன், பக்கத்தில் அது இருக்கும். வள்ளங்கள் வலை இழுத்துத் திரும்பும் வரை இருந்துவிட்டு வருவோம். அந்த நாட்களில் நான் பேசிய சொற்களை எண்ணவில்லை.

நூற்றோராம் நாள், ஆறுதலாக, இரத்தம் எடுக்கக் கூட்டிப் போனேன். மிருக வைத்தியர் காத்தான்குடிப் பிள்ளை, டொக்டர் சிஹானா. ஊசியை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"சரி ஐயா, இண்டையிலிருந்து மூணு மாசம்."

"இல்ல டொக்டர், ஊசி போட்டதிலிருந்துதானே?"

"இரத்தம் எடுத்த திகதியிலிருந்துதான் ஐயா." என் கையிலிருந்த படிவத்தை வாங்கித் திருப்பினார். "இங்க பின்பக்கம் போட்டிரிக்கே. பாக்கலியா?"

நூற்றொன்றும் தொண்ணூறும் நூற்றுத் தொண்ணூற்றொன்று. விசா நூற்று எண்பது. பதினொரு நாள் குறைவு.

மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திருப்பி அனுப்பப்பட்ட ஒவ்வொருவரும் ஒரு வினாடி தாளையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என்னத்தைப் பார்க்கிறார்கள் என்று நான் எரிச்சல்படுவதுண்டு. நானும் நின்றேன்.

நாட்டுக்கு வெளியே போய்த் திரும்பி வரலாமே என்று சொன்னார்கள். சுவிஸில் இதய வைத்தியரின் தவணையை ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிவிட்டேன். மூன்றாம் தரம் தள்ள முடியாது என்று கடிதம் வந்திருந்தது. நாயைத் தனியாக ஏற்ற விமானக் கம்பனி ஒத்துக்கொள்ளவில்லை. கூட ஒரு ஆள் வேண்டும். மச்சாளுக்குச் சுவிஸ் விசா எடுப்பதென்றால் அதற்கு இன்னொரு நூற்று எண்பது நாள்.

"காப்பகத்துக்கே திருப்பிக் குடுப்பமா, அத்தான்?" என்று மச்சாள் மெதுவாகக் கேட்டார். திட்டாமல் கேட்டதுதான் பயமாக இருந்தது. அவர் கால்மாட்டில் சீமாட்டி படுத்திருந்தது. ஒருமுறை பூட்டிய படலைக்கு முன்னால் இருபது நாள் கிடந்த நாய். அதை இரண்டாம் முறை விட்டுப் போவது யார் என்று ஒரு படிவமும் கேட்காது.

6

ஞாயிற்றுக்கிழமை தர்சினியின் போன் வந்தது. மாத்திரை, சாப்பாடு. அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை என்றுதான் இருந்தேன். நாய் எப்படி என்று அவளாகக் கேட்டாள். பின்பக்கத்தைப் பார்க்காத கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அப்பா, அழுகிறீர்களா?"

"இல்லை. தடிமன், மூக்கு அடைப்பு."

ஜேர்மனில் இரண்டே சொல் சொன்னாள். நான் வாறன் என்று அர்த்தம்.

நூற்று எண்பதாம் நாள் நான் விமானம் ஏறினேன். நூற்று எண்பத்து மூன்றாம் நாள் தர்சினி கல்லடிக்குப் போய் இறங்கினாள், மூன்று வயதுக்குப் பிறகு முதல் தரமாக. பத்து நாள் அவளும் மச்சாளும் நாயும். நான் இங்கே மூன்றாம் மாடியில், போனுக்குப் பக்கத்தில். அவளைப் பற்றிய செய்தியெல்லாம் மச்சாள் மூலம்தான் வந்தது.

முதல் நாள்: "உங்கட மகள் ஊமையா, அத்தான்? தலைய ஆட்டுறா, சிரிக்கிறா."

"தமிழ் மறந்துபோச்சு போல."

"மறக்கல்ல. நீங்க திருத்துவீங்க எண்டு பயம். நான் சொல்லிட்டன், இஞ்ச திருத்துற ஆள் பிளேன் ஏறிட்டார், பேசு புள்ள எண்டு."

மூன்றாம் நாள்: "பேசுறா. என்னோட இல்ல, சீமாட்டியோட. அதுக்கு ஜேர்மன் விளங்காதாம். 'இரிகா', 'வாகா', 'திண்டியாகா' எண்டு கடைசியில ஒரு 'கா' போட்டு, அக்காட சத்தத்துலயே பேசுறா. அடுப்படியில நிண்டு கேட்டு எனக்கு மேல் கூசிட்டு."

ஐந்தாம் நாள் மச்சாள் வேறு ஒரு குரலில் பேசினார். காலையில் தர்சினி நாயை நடக்கக் கூட்டிப் போயிருக்கிறாள். நாய்தான் அவளை இழுத்துப் போயிருக்கிறது, வாவிக்கரைக்கு, நேரே நான் இருந்த அந்தக் கல்லுக்கு. போய் இருந்துவிட்டது. எழும்ப மறுத்துவிட்டது. அது என்ன இடம் என்று தர்சினிக்குத் தெரியாது. திரும்பி வந்து கேட்டிருக்கிறாள். மச்சாள் சொல்லியிருக்கிறார். மறுபடியும் நாயோடு அங்கே போய், வெயில் ஏறும் வரை வரவில்லையாம்.

"அக்காதான் கூப்பிட்டிரிக்கா" என்று மச்சாள் மூக்கைச் சீறினார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முப்பத்திரண்டாம் நாள் தொடங்கி நூற்றெழுபத்தொன்பதாம் நாள் வரை, நூற்று நாற்பத்தெட்டுக் காலை, நான் அந்த நாயை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். நூற்று நாற்பத்தொன்பதாம் தரம் அது தானே போகும். அப்படித்தான் மச்சாளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்து, அன்றைய மாத்திரையை இரண்டு தரம் விழுங்கிவிட்டேன்.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முந்திப் போய் நின்றேன். கதவு திறக்கத் திறக்க ஆட்களை எண்ணினேன். இருநூற்று நாற்பதாம் ஆளுக்குப் பிறகு ஒரு தள்ளுவண்டி, அதன் மேல் கூடு, பின்னால் தலை கலைந்த தர்சினி. கூட்டின் கம்பிக்குள் கையை விட்டேன். சீமாட்டி மணந்து பார்த்தது. பிறகு வால் கூட்டின் சுவரில் அடித்தது. அந்த முறை நிறுத்தவில்லை.

"பயப்படாதகா" என்றாள் தர்சினி, குனிந்து. "ஆரெண்டு பாரு. உன்ட ஆள்தான்."

என்னிடம் நிமிர்ந்து, ஜேர்மனில், கார் எங்கே நிற்கிறது என்று கேட்டாள்.

7

ஒரு வருடமாக இப்படித்தான் போகிறது. ஞாயிறு போன் நின்றுவிட்டது, ஆளே வருகிறாள். என்னோடு இன்னும் ஜேர்மன்தான். தமிழ் எல்லாம் சீமாட்டிக்கு. எனக்குச் சொல்ல வேண்டியதையும் இப்போது சீமாட்டிக்கே சொல்கிறாள். "உன்ட அப்பாட்டச் சொல்லுகா, உப்பக் குறைக்கச் சொல்லி." "கேளுகா, ஏன் இந்தச் சட்டைய மூணு நாளாப் போட்டிரிக்கார் எண்டு." நானும் நாயிடமே பதில் சொல்கிறேன். அவள் பேசுவதில் பிழை இருக்கிறது. எத்தனை என்று எனக்குத் தெரியாது.

இன்று மத்தியானமும் வந்தாள். நான் மேசையில் நகரசபைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு தரம் வரும். இந்த வீட்டில் வசிப்போர் எத்தனை பேர் என்று கேட்பார்கள். மங்களம் இறந்த வருடம் அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுத எனக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. இன்று ஒன்று என்று எழுதி, கையெழுத்து வைத்து, உறையில் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டியும்விட்டேன்.

தர்சினி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே உறையைப் பார்த்தாள். பிறகு குனிந்து சீமாட்டியின் மடிந்த காதைப் பிடித்தாள்.

"கேளுகா, பின்பக்கம் பாத்தாரா எண்டு."

உறையைக் கிழித்தேன். தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் இருந்தது: வீட்டில் உள்ள நாய்களின் எண்ணிக்கை. பேனையைத் திறந்து, பெரிதாக, ஒன்று என்று எழுதினேன்.

"பாத்தாச்சாம் எண்டு சொல்லு" என்றேன் சீமாட்டியிடம்.